சேலெம் சூனிய வழக்குகள்: இலக்கியம் மறைத்த சான்று விதி

இங்கிலாந்தின் குடியேற்ற நாடாக விளங்கிய மாசசூசெட்ஸில், வட அமெரிக்கக் கிழக்குக் கரையோரம் அமைந்த ஊர் சேலெம். 1692ஆம் ஆண்டில் அவ்வூரிலும் சுற்றியிருந்த சிற்றூர்களிலும் சூனியக் குற்றச்சாட்டின்பேரில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். பெண்கள் 14 பேரும் ஆண்கள் 5 பேரும் தூக்கிலிடப்பட்டனர். எண்பது வயதை எட்டியிருந்த கைல்ஸ் கோரி என்னும் குடியானவர், விசாரணைக்கு உடன்பட மறுத்த காரணத்தால், உடல்மீது பாறாங்கற்கள் ஏற்றப்பட்டு நசுங்கி மாண்டார். சிறையில் இறந்தோர் குறைந்தது ஐவர். அவர்களுள் ஒன்று கைக்குழந்தை.

ஐரோப்பாவில் சூனியக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டோரின் தொகை பல்லாயிரங்களாகும். அதனோடு ஒப்பிடின் சேலெமில் மாண்டோரின் எண்ணிக்கை சிறிதே. எனினும் உலகின் நினைவில் சேலெமே நிலைத்திருக்கிறது. இதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, அவ்வழக்குகளின் ஆவணங்கள் பெருமளவில் எஞ்சியிருப்பது. பெர்னார்ட் ரோசந்தாலைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 2009இல் வெளிவந்த தொகுப்பில் மட்டும் ஏறத்தாழ ஆயிரம் ஆவணங்கள் இடம்பெற்றுள்ளன. இரண்டாவது, அந்நிகழ்ச்சியை இலக்கியம் மீண்டும் மீண்டும் கையாண்டுள்ளமை. நத்தானியேல் ஹாதோர்னின் சிறுகதையும், ஆர்தர் மில்லரின் நாடகமும், மாரிஸ் கொண்டேயின் நாவலும் அவ்வகையில் முதன்மையானவை.

ஆவணம் கூறும் சேலெமும் இலக்கியம் காட்டும் சேலெமும் ஒன்றல்ல என்பது வெளிப்படை. இலக்கியம் வரலாற்றின் நகலாக இருக்க வேண்டும் என எவரும் கோரமாட்டார். ஆனால் ஓர் அநீதியைப் புனைந்து காட்டும் படைப்பு அதன் காரணத்தை எங்கே வைக்கிறது என்று வினவும் உரிமை வாசகருக்கு உண்டு. அவ்வினாவையே இக்கட்டுரை மேற்சொன்ன மூன்று படைப்புகளிடமும் எழுப்புகிறது.

நீதிமன்றம் நம்பியது எதனை?

1692 ஜனவரியில், சேலெம் சிற்றூரின் போதகர் சாமுவேல் பாரிஸின் இல்லத்தில், அவருடைய ஒன்பது வயது மகள் பெட்டியும் உறவுப் பெண்ணாகிய பதினொரு வயது அபிகெயில் வில்லியம்ஸும் விளங்காத வலிப்புக்கு ஆளாயினர். பிப்ரவரி 29 அன்று ஆண்கள் நால்வர் முறையீடு செய்ய, பெண்கள் மூவரைப் பிடிக்க ஆணை பிறந்தது. ஒருவர் வீடு வீடாக இரந்து வாழ்ந்த சாரா குட். மற்றொருவர் நோயுற்றுக் கிடந்த சாரா ஆஸ்பர்ன். மூன்றாமவர் பாரிஸின் அடிமைப் பெண் டிடுபா. ஊரில் எவரும் பரிந்து பேச வாய்ப்பில்லாத மூவரே முதலில் சிக்கினர் என்பது கருதத்தக்கது.

அக்காலச் சூழலும் அச்சத்துக்கு உரமிட்டது. மாசசூசெட்ஸின் பழைய அரச உரிமைச் சாசனம் 1684இல் நீக்கப்பட்டிருந்தது. வடக்கு எல்லையில் பிரெஞ்சுக்காரருடனும் தொல்குடியினருடனும் போர் நடந்துகொண்டிருந்தது. குற்றஞ்சாட்டிய இளம்பெண்களுள் சிலர் அப்போரில் உற்றாரை இழந்து வந்தவர்கள். இத்தொடர்பை மேரி பெத் நார்ட்டன் 2002இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். ஊருக்குள் நிலவிய குடும்பப் பகைகளைப் பாயரும் நிசென்பாமும் 1974இலும், சொத்துரிமை பெற்ற பெண்கள்மீது பாய்ந்த ஐயத்தை 1987இல் கேரல் கார்ல்சனும் எடுத்துக்காட்டினர். இவை யாவும் அச்சம் எங்கிருந்து வந்தது என்பதை விளக்குவன. அவ்வச்சம் தூக்குமரமாக மாறியது எவ்வாறு என்பது வேறு வினா. அதற்கு விடை நீதிமன்றத்துள் இருக்கிறது.

மே மாதத்தில் புதிய சாசனத்துடன் வந்திறங்கிய ஆளுநர் வில்லியம் ஃபிப்ஸ், வில்லியம் ஸ்டவுட்டனைத் தலைமை நீதிபதியாகக் கொண்ட சிறப்பு நீதிமன்றம் ஒன்றை நிறுவினார். குற்றஞ்சாட்டப்பட்டவரின் மாயவுரு தம்மிடம் வந்து தம்மைக் கிள்ளியது, கடித்தது, மூச்சடைக்கச் செய்தது என்று பாதிக்கப்பட்டோர் கூறினால், அது சான்றாக ஏற்கப்பட்டது. அவ்வுரு மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. அவ்வேளையில் தாம் வேறோர் ஊரில் இருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர் மெய்ப்பித்தாலும் பயனில்லை. உடல் அங்கிருக்க உரு இங்கு வந்தது என்பதே குற்றச்சாட்டு. சாத்தான் ஒருவருடைய இசைவின்றி அவருடைய உருவத்தை எடுக்க இயலாது என்று ஸ்டவுட்டன் உறுதியாகக் கருதினார். இக்கருத்தை ஒப்புக்கொண்டபின் எந்த மறுப்பும் தப்ப வழியாகாது.

இத்தகைய சான்றின் ஆபத்தை அன்றே உணர்ந்தவர்கள் இல்லாமலில்லை. நீதிபதி நத்தானியேல் சால்ட்டன்ஸ்டால் முதல் மரண தண்டனைக்குப் பின் பதவி விலகினார். ஜூன் 15 அன்று பாஸ்டன் பகுதிப் போதகர்கள் மாயவுருச் சான்றை மட்டும் நம்ப வேண்டாம் என எச்சரித்தனர். எனினும் அவ்வறிக்கையின் இறுதியில் வழக்குகளை விரைந்து நடத்துமாறும் பரிந்துரைத்தனர். நீதிமன்றம் எச்சரிக்கையைப் புறந்தள்ளிப் பரிந்துரையை மட்டும் ஏற்றது.

இரண்டாவது விதி இதனினும் கொடியது. குற்றத்தை ஒப்புக்கொண்டு பிறர் பெயரைச் சொன்னவர் உயிர் பிழைத்தார், மறுத்தவர் தூக்கிலேறினார். ஏறத்தாழ ஐம்பது பேர் ஒப்புதல் வாக்குமூலம் அளித்தனர். ஒப்புதலில் நிலைத்து நின்ற எவரும் அவ்வாண்டு தூக்கிலிடப்படவில்லை. சாமுவேல் வார்டுவெல் என்பவர் ஒப்புக்கொண்டபின் மனம் பொறாது அதனை மறுத்தார். செப்டம்பர் 22 அன்று தூக்கிலிடப்பட்ட எண்மருள் அவரும் ஒருவர்.

அக்டோபரில் இன்க்ரீஸ் மேதர் என்னும் மூத்த போதகர் மாயவுருச் சான்றைக் கடுமையாக மறுத்து எழுதினார். அம்மாத இறுதியில் ஃபிப்ஸ் அந்நீதிமன்றத்தைக் கலைத்தார். 1693 ஜனவரியில் கூடிய புதிய நீதிமன்றம் மாயவுருச் சான்றை ஏற்க மறுத்தது. விசாரிக்கப்பட்டோருள் பெரும்பாலோர் விடுதலையாயினர். குற்றவாளிகளெனத் தீர்க்கப்பட்ட மூவருடைய தண்டனையையும் ஆளுநர் நிறுத்திவைத்தார். சினமுற்ற ஸ்டவுட்டன் இருக்கையை விட்டெழுந்து வெளியேறினார்.

ஈண்டு ஒன்றை ஆழ்ந்து நோக்க வேண்டும். செப்டம்பருக்கும் ஜனவரிக்கும் இடைப்பட்ட நான்கு மாதங்களில் அம்மக்கள் சூனிய நம்பிக்கையைக் கைவிட்டுவிடவில்லை. சான்றை மறுத்தெழுதிய இன்க்ரீஸ் மேதரே சூனியக்காரர் உண்டு என நம்பியவர்தாம். நம்பிக்கை நின்ற இடத்திலேயே நின்றது; மாறியது விதி ஒன்றே. அதுவே கொலையை நிறுத்தப் போதுமானதாயிற்று.

மில்லரின் மூசை

பொன்னை உருக்கும் மூசை எனப் பொருள்படும் ‘தி குரூசிபிள்’ 1953 ஜனவரியில் நியூயார்க்கில் மேடையேறியது. பொதுவுடைமையர் எனச் சந்தேகிக்கப்பட்டோரை அமெரிக்க நாடாளுமன்றக் குழுக்கள் அழைத்துப் பிறர் பெயரைக் கூறுமாறு நெருக்கிய காலம் அது. மில்லரே 1956இல் அத்தகைய குழுவின் முன் நின்று பெயர் கூற மறுத்தார்; 1957இல் அவமதிப்புக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டு, 1958இல் மேல்முறையீட்டில் விடுவிக்கப்பட்டார். தாம் எழுதியதற்கேற்ப வாழ்ந்து காட்டிய எழுத்தாளர் அவர். எனவே அவர் நாடகத்தின்மீது வைக்கும் விமர்சனம் அவருடைய நேர்மையின்மீது வைக்கும் ஐயமாகாது.

இரண்டாவது விதியை, அதாவது ஒப்புதலுக்கு உயிரை விலையாகத் தரும் முறையை, மில்லர் மிக நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார். இறுதி அங்கத்தில் ஜான் பிராக்டர் தம்மைப் பற்றிய பொய்யில் கையொப்பமிட்டு, பின் அத்தாளைக் கிழித்தெறியும் காட்சி அவ்விதியின் கொடுமையை எவ்வுரையினும் தெளிவாக உணர்த்துகிறது.

முதல் விதியை அவர் கையாண்ட முறைதான் சிக்கலானது. வரலாற்றில் பதினொரு வயதினளாகிய அபிகெயிலை அவர் பதினேழு வயதினளாக்கினார். அறுபதை ஒட்டிய பிராக்டரை முப்பதுகளில் உள்ளவராக்கினார். இருவருக்கும் இடையே கூடா ஒழுக்கம் ஒன்றைப் படைத்தார். வயதை மாற்றியமையை நூலின் முற்குறிப்பில் அவரே தெரிவித்துள்ளார். மறைத்தார் என்று கூறுவதற்கில்லை. ஆயின் இம்மாற்றத்தால் நாடகத்தின் இயக்கமே மாறிவிடுகிறது. பிராக்டரின் மனைவியை அகற்றி அவ்விடத்தில் தான் அமர விரும்பும் ஒரு பெண்ணின் பொய்யே சேலெமின் பேரழிவுக்கு வித்து என்றாகிறது.

இதன் விளைவுகள் இரண்டு. பெண்ணின் இச்சையே ஊரைக் கெடுத்தது என்னும் கூற்று சூனிய வழக்குகளின் அடியில் கிடந்த பழைய கூற்றேயாகும். அவ்வழக்குகளைக் கண்டிக்கப் புகுந்த நாடகம் அக்கூற்றை வேறு வாயில் வழியாக உள்ளே விடுகிறது. பட்னம் குடும்பத்தாரின் நிலப் பேராசையையும் மில்லர் காட்டுகிறார் என்பது உண்மை. ஆனால் அது பின்புலமாகவே நின்றுவிடுகிறது.

மற்றது இதனினும் முக்கியமானது. சூனியம் கண்ணுக்குப் புலனாகாத குற்றமாதலின் பாதிக்கப்பட்டவரின் சொல்லையே நம்பியாக வேண்டும் என்னும் வாதத்தை மூன்றாம் அங்கத்தில் நீதிபதி டான்ஃபோர்த் எடுத்துரைக்கிறார். மாயவுருச் சான்றின் தருக்கத்தை இவ்வளவு செறிவாகக் கூறிய படைப்பு பிறிதொன்றில்லை எனலாம். ஆனால் அவ்வாதம் செவியில் விழும்போதே அவையினர் அதனைக் கடந்து நிற்கின்றனர். அப்பெண்கள் நடிக்கின்றனர் என்பதையும், எதற்காக நடிக்கின்றனர் என்பதையும் முதல் அங்கத்திலேயே அறிந்துகொண்டவர்கள் அவர்கள். ஆகவே சான்றை எடைபோடும் சுமை அவர்கள்மீது விழுவதே இல்லை. டான்ஃபோர்த்தின் அறியாமையை எள்ளியவாறு, தாம் அவ்விடத்தில் இருந்திருந்தால் ஏமாந்திருக்கமாட்டோம் என்னும் நிம்மதியோடு அவர்கள் இல்லம் திரும்பலாம்.

சேலெமின் நீதிபதிகளுக்கு அந்நிம்மதி வாய்க்கவில்லை. ஸ்டவுட்டனும் சாமுவேல் சீவாலும் ஹார்வர்டில் பயின்றவர்கள். இங்கிலாந்தில் 1662இல் மேத்யூ ஹேல் என்னும் புகழ்பெற்ற நீதிபதி நடத்திய சூனிய வழக்கு முன்னுதாரணமாக அவர்கள்முன் இருந்தது. நூல்களைப் புரட்டினர், சாட்சியங்களை எழுதிவைத்தனர், முறைப்படியே கொன்றனர்.

மேடைக்கு வராதவர்கள்

நாடகத்தின் கொடிய நீதிபதியாகிய தாமஸ் டான்ஃபோர்த், வரலாற்றில் ஏப்ரல் மாத விசாரணை ஒன்றுக்குத் தலைமை வகித்தவர் என்பது மெய். ஆனால் மரண தண்டனை விதித்த சிறப்பு நீதிமன்றத்தில் அவர் உறுப்பினர் அல்லர். பின்னர் அந்நீதிமன்றத்தைக் குறைகூறியவர்களுள் ஒருவராகவே அறியப்படுகிறார். தண்டனைகளுக்குத் தலைமை தாங்கிய ஸ்டவுட்டன் மேடையில் இல்லை. அவர் பிற்காலத்தில் மாசசூசெட்ஸின் பொறுப்பு ஆளுநராக உயர்ந்து, 1701இல் இறக்கும்வரை வருத்தம் தெரிவிக்காமலே வாழ்ந்தவர்.

ஜூரிகளும் மேடைக்கு வரவில்லை. ரெபெக்கா நர்ஸின் வழக்கை எண்ணிப் பார்ப்போர் இவ்விடுபாட்டின் கனத்தை உணர்வர். எழுபத்தொரு வயதான அம்மூதாட்டி ஊரார் பலரின் மதிப்புக்குரியவர். அவர் குற்றமற்றவர் என்றே ஜூரிகள் முதலில் தீர்ப்புக் கூறினர். நீதிமன்றத்தில் கூக்குரல் எழுந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒரு பெண்ணைத் தம்முள் ஒருத்தி என அம்மூதாட்டி குறிப்பிட்டாரே, அதனைக் கருதினீர்களா என்று ஸ்டவுட்டன் வினவினார். அச்சொல்லுக்கு விளக்கம் கேட்கப்பட்டபோது அவர் வாய் திறக்கவில்லை. ஜூரிகள் தீர்ப்பை மாற்றினர். தம்மோடு சிறையிருந்த கைதி என்னும் பொருளிலேயே அவ்வாறு கூறியதாகவும், செவிப்புலன் குன்றியமையாலும் துயரத்தாலும் கேள்வி தம் காதில் விழவில்லை என்றும் அவர் பின்னர் தெரிவித்தார். ஜூலை 19 அன்று தூக்கிலிடப்பட்டார்.

இந்நிகழ்ச்சியில் பொய்யுரைத்த இளம்பெண் நடுநாயகமாக இல்லை. நல்லெண்ணம் கொண்ட பன்னிருவர் சரியாகத் தீர்ப்பளித்து, அதிகாரத்தின் ஒரு கேள்வியால் தடம் புரண்டனர். 1697இல் அவ்வழக்குகளின் ஜூரிகள் பன்னிருவர் தம் பிழைக்கு எழுத்து வாயிலாக மன்னிப்புக் கோரினர். குற்றவுணர்வு என்பதைப் பொருளாகக் கொண்ட நாடகம் இவர்களைக் காணத் தவறியது பெரும் இழப்பே.

ஹாதோர்னின் காடு

மில்லருக்கு நூறாண்டுகளுக்கு முன்பே நத்தானியேல் ஹாதோர்ன் இவ்விடத்தைத் தொட்டிருந்தார். 1692இல் கைதானோரைக் குறுக்கு விசாரணை செய்த ஜான் ஹாதோர்னின் வழித்தோன்றல் அவர். மூதாதையின் பழியைத் தம் பழியாகச் சுமந்தவர். 1835இல் வெளியான ‘யங் குட்மன் பிரவுன்’ என்னும் சிறுகதையில், இளைஞன் ஒருவன் இரவில் காட்டினுள் செல்கிறான். தனக்கு வேதம் கற்பித்த மூதாட்டியையும், ஊரின் போதகரையும், இறுதியில் தன் மனைவியையும் சாத்தானின் கூட்டத்தில் காண்கிறான். விடிந்ததும் யாவும் வழக்கம்போல் உள்ளன. கண்டது கனவோ நனவோ என்பதைக் கதை கூறுவதில்லை. அவனோ சாகும்வரை எவரையும் நம்பாமல் வாழ்ந்து மடிகிறான்.

அக்காட்டில் அவன் காணும் பெண்களுள் சிலருக்கு ஹாதோர்ன் சூட்டிய பெயர்கள் 1692இன் ஆவணங்களில் உள்ளவை. மார்த்தா கேரியர் அவ்வாண்டு ஆகஸ்ட் 19 அன்று தூக்கிலிடப்பட்டவர். க்ளாய்ஸ் என்பது ரெபெக்கா நர்ஸின் தங்கை சாராவின் குடும்பப் பெயர்; அவரும் சிறையிலிடப்பட்டவரே. வரலாற்றை அறிந்த வாசகர் இவ்விடத்தில் திடுக்கிட வேண்டும். குற்றமற்றோர் என நாம் அறிந்தவர்களைக் கதை சூனியக்காரிகளாகக் காட்டுகிறது. நாமும் சிறிது நேரம் அதனை நம்பிப் படிக்கிறோம். பிரவுன் கண்ட உருக்களை உண்மை மனிதர்கள் எனக் கொள்ளும் வாசகர், தம்மை அறியாமலே மாயவுருச் சான்றின்பேரில் தீர்ப்பெழுதிவிடுகிறார். மில்லரின் அவையினர்மீது விழாத சுமையை ஹாதோர்ன் வாசகரின் தோள்மீதே இறக்கிவைக்கிறார்.

டிடுபா என்னும் பெண்

முதலில் கைதான மூவருள் குற்றத்தை ஒப்புக்கொண்டவர் டிடுபா ஒருவரே. மார்ச் 1 அன்று தொடக்கத்தில் மறுத்த அவர், பின் இணங்கினார். பாஸ்டனிலிருந்து வந்த நெடிய மனிதனையும், மஞ்சள் பறவையையும், ஒன்பது பேரின் அடையாளங்கள் பொறித்த நூலையும் பற்றி விரிவாகப் பேசினார். மூவரோடு முடிந்திருக்கக்கூடிய வழக்கு, அந்த ஒன்பது என்னும் எண்ணால் வேட்டையாக விரிந்தது. ஒப்புக்கொள்ளுமாறு தம் எசமானர் தம்மை அடித்துத் துன்புறுத்தியதாக அவர் பின்னர் கூறினார் என்னும் செய்தியை ராபர்ட் காலெஃப் 1700இல் வெளியிட்ட நூலில் பதிந்துள்ளார். அடிமை ஒருத்தி உயிர் பிழைக்கக் கேட்டவர் விரும்பிய கதையைக் கூறினாள். அதனைச் சான்றாக மாற்றியது நீதிமன்றம்.

ஆவணங்கள் டிடுபாவை ‘இந்தியப் பெண்’, அதாவது அமெரிக்கத் தொல்குடிப் பெண் எனவே குறிக்கின்றன. அவர் இளம்பெண்களுக்கு மந்திரம் கற்பித்தார் என்றோ காட்டில் நடனமாடச் செய்தார் என்றோ எந்த ஆவணமும் கூறவில்லை. அக்கதை பத்தொன்பதாம் நூற்றாண்டில் வளர்ந்தது. 1868இல் லாங்ஃபெலோ தம் கவிதை நாடகத்தில் அவருக்குக் கறுப்பின மந்திரவாதி ஒருவரைத் தந்தையாக்கினார். மில்லரின் நாடகத்தில் அவர் முழுமையாகவே கறுப்பினப் பெண்ணாகி, பார்படோஸ் பாடல்களோடு காட்டில் தோன்றுகிறார். இவ்வுருமாற்றத்தை 1974இல் சாட்விக் ஹான்சன் படிப்படியாக எடுத்துக்காட்டினார். அவ்வப்போது எவ்வினத்தை மாந்திரீகத்தோடு இணைத்து அஞ்சினரோ, அவ்வினத்தவளாக டிடுபா ஆக்கப்பட்டார் என்பதே இதன் பொருள்.

குவாதலூப் தீவின் எழுத்தாளர் மாரிஸ் கொண்டே 1986இல் பிரெஞ்சு மொழியில் எழுதிய நாவல், டிடுபாவையே பேச வைத்தது. அடிமைக் கப்பலில் வன்புணர்வுக்கு ஆளான தாயின் வயிற்றில் பிறந்து, மருத்துவம் கற்று, இறந்தோரோடு உரையாடி, இறுதியில் பார்படோஸ் திரும்பிக் கிளர்ச்சியில் உயிர் துறக்கும் பெண்ணாக அவர் உருப்பெறுகிறார். வரலாறு தம்மைப் பெயரளவில் குறித்து மறந்துவிடும் என்னும் டிடுபாவின் குமுறல் நாவலின் உயிர்நாடி. அக்குமுறல் நியாயமானது. ஆயினும் ஒரு தயக்கம் எஞ்சுகிறது. கொண்டேயின் டிடுபாவுக்கு மறையாற்றல் மெய்யாகவே உண்டு. அதனை அவர் நன்மைக்குப் பயன்படுத்துகிறார் என்பதே வேறுபாடு. பழியைப் பெருமையாக மாற்றும் இவ்வுத்தி வலியதுதான். ஆனால் எந்த ஆற்றலும் இல்லாத, அடிபட்டமையால் கதை கூறிய எளிய பெண் இங்கும் மறைந்துவிடுகிறார்.

வரலாற்று டிடுபா பதின்மூன்று மாதங்கள் சிறையில் கிடந்தார். 1693 மே மாதம் அவர்மீது வழக்கில்லை எனத் தீர்மானிக்கப்பட்டது. சிறைக் கட்டணத்தைச் செலுத்த பாரிஸ் முன்வரவில்லை. வேறொருவர் செலுத்தி அவரை விலைக்குப் பெற்றார். அதன்பின் அவர் ஆவணங்களில் தென்படுவதில்லை. 1711இல் பலியானோரின் குடும்பங்களுக்கென ஒதுக்கப்பட்ட 578 பவுன் 12 ஷில்லிங்கில் அவருக்குப் பங்கில்லை.

நிறைவாக

1697 ஜனவரியில், நீதிபதி சாமுவேல் சீவால் பாஸ்டன் திருச்சபையில் அனைவர் முன்னும் எழுந்து நிற்க, அவர் எழுதித் தந்த மன்னிப்புக் கோரிக்கையைப் போதகர் வாசித்தார். பழியைச் சிறுமியர்மீதோ சாத்தான்மீதோ போடாமல், நீதிபதி என்ற முறையில் தம்மீதே ஏற்றுக்கொண்டார். 1693 ஜனவரியில் தண்டிக்கப்பட்டு, பின் தண்டனை நிறுத்தப்பட்ட மூவருள் ஒருவரான எலிசபெத் ஜான்சன் என்னும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணின்மீதிருந்த தீர்ப்பை மாசசூசெட்ஸ் சட்டமன்றம் 2022இல்தான் நீக்கியது. பள்ளி மாணவர்கள் அதற்காக முயன்றனர். தவறான தீர்ப்பு ஒன்றைத் திருத்த 329 ஆண்டுகள் ஆயின.

சீவால் தம் பிழையை வைத்த இடம் சரியான இடம். சூனிய வழக்குகளை அறியாமைக்காலத்தின் மூடநம்பிக்கை என ஒதுக்குவோரும், ஒரு பெண்ணின் பொய்யால் விளைந்த கேடு எனச் சுருக்குவோரும் அவ்விடத்தைக் காணத் தவறுகின்றனர். குற்றஞ்சாட்டப்பட்டவர் கண்ணால் காணவும் முடியாத, மறுத்துரைக்கவும் இயலாத சான்றை ஒரு நீதிமன்றம் ஏற்கத் துணியுமானால், பிறர் பெயரைக் கூறுவதற்கு உயிரைப் பரிசாக வைக்குமானால், அங்கே சூனிய நம்பிக்கை இல்லாவிடினும் சேலெம் நிகழும். மில்லரின் நாடகத்தைப் படிப்போர் படிக்கட்டும்; பிராக்டரின் இறுதிக் காட்சிக்காக அது என்றும் படிக்கத்தக்கது. ஆனால் படித்து முடித்தபின், அபிகெயிலை மறந்துவிட்டு, ரெபெக்கா நர்ஸின் ஜூரிகளிடம் கேட்கப்பட்ட அந்த ஒரு கேள்வியை நினைவில் வைப்பது நலம்.